வடிவாத் தைக்க வேண்டாம்

கார்த்திகை மழை கொஞ்சம் விட்ட மத்தியானம்
வேலியோரத்து நொச்சியை ஒடித்தேன்.
நீ ஊன்றிய கம்பு. இப்போது என்னிலும் உயரம்.
வெயிலில் போட்டால் மணம் போய்விடும் என்று
மஸ்கட்டிலிருந்து சொன்னாய்.
நிழலில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதை
நானே கண்டுபிடித்தேன்,
ஒரு பாய் நிறையக் கறுத்த இலையோடு.

செங்கலடியில் மாரி என்றால் உனக்குத் தெரியும்.
நெருப்புக்குச்சி உரசாது.
உப்புப் போத்தல் அழும்.
காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டையை
மூன்றாம் நாளும் ஈரமாய்ப் போட்டுக்கொண்டு போனாள் டிலக்சனா.

வளவு முழுக்கத் தேடி
காய்ந்த இடமென்று ஒன்று கிடைத்தது:
ஓட்டோவின் பின்சீற்றுக்கும் பின்னால்,
எஞ்சினுக்கு மேலே, ஒரு சாண் பலகை.
கிழிந்த நுளம்பு வலையை நாலாய் மடித்து
இலையை உள்ளே பரப்பிக் கட்டினேன்.
கரடியனாற்றுக்கு ஒரு ஹயர் போய்வரப்
பாதி காய்ந்தது.

வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகள்
"அங்கிள், இது என்ன சென்ட்?" என்றார்கள்.
ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய ஐயா ஒருவர்
மூக்கடைப்பு விட்டுது தம்பி என்று இறங்கியவர்
காசு தர மறந்து போனார்,
அல்லது மறந்தது மாதிரி.

உரச்சாக்கு நிறையப் பச்சை இலை
காய்ந்ததும் ஒரு ஷொப்பிங் பைக்குள் அடங்கியது.
தலையணை ஒன்று இவ்வளவு தின்னும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
துளசியும் சேர்த்தேன், தேசிக்காய்த் தோலும்,
கிணற்றடி வெட்டிவேரில் ஒரு பிடியும்.
அது மண் போக ஏழு தண்ணீர் கேட்டது.

உனக்கு நித்திரை வருவதில்லை என்று
வேறு ஏதோ கதைக்கும்போது
இடையில் ஒருநாள் சொல்லிவிட்டாய்.
ஏசிக் குழாயின் சத்தம், ஜன்னல் இல்லாத அறை.
பிறகு மகளின் மாதப் பரீட்சைக்குத் தாவினாய்.
நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏறாவூர் ஜுனைதீன் நானா
மயில்கழுத்து நிறத் துணியில்
ஓரம் மடித்து, நூல் வெளியே தெரியாமல்,
பூக்கரை வைத்துத் தைத்துத் தந்தார்.
கூலி வேண்டாம் என்றவர்
இலையில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மயிலம்பாவெளி நிறோசினி கொண்டு போனாள்.
கட்டுநாயக்காவில் பையைத் திறந்த உத்தியோகத்தர்
தலையணையை அமுக்கினாராம், மணந்தாராம்,
"நிக கொள" என்று தனக்குள் சிரித்து
ஸிப்பைத் தானே பூட்டிவிட்டாராம்.
அவருடைய வேலியிலும் நிற்கிறது போல.

பிறகு எட்டு நாள் உன்னிடமிருந்து
கைகூப்பும் படங்கள் மட்டும் வந்தன.
ஒன்பதாம் நாள் இரவு, குரல்.
குளியலறைக்குள் நின்று கதைக்கிறாய் என்று
தண்ணீர்ச் சத்தம் சொன்னது.

"கோவிக்காதீங்க என்ன.
மேடம் கண்டுட்டா. எடுத்துட்டா.
நல்லா நித்திரை வருதாம், அவட அக்காவுக்கும் ஒண்டு வேணுமாம்.
இன்னொண்டு அனுப்புங்க எனக்கு.
ஆனா வடிவாத் தைக்க வேண்டாம்.
வடிவெண்டா அவக்கு உடனே வேணும்."

மூன்று தரம் கேட்டேன்.
முதல் தரம் கோபம் வந்தது.
மூன்றாம் தரம், கடைசியில் நீ சிரிப்பது கேட்டது,
தண்ணீருக்குள்ளால்.

நொச்சி திரும்பத் துளிர்த்திருந்தது.
திரும்பவும் ஓட்டோ, திரும்பவும் வலை,
இந்த முறை கொம்மாதுறை வரை ஒரு கல்யாண ஹயர்,
மாப்பிள்ளைத் தோழன் முழுவதும் தும்மிக்கொண்டே வந்தான்.

நானா வேண்டாம். நானே இருந்தேன் ஊசியோடு.
என் பழைய சாரம், ஒயில் கறை விழுந்த பக்கம் வெளியே.
கறுப்பு நூல் முடிய வெள்ளை நூல், அதுவும் முடிய
டிலக்சனாவின் பள்ளிக்கூடப் பை தைத்த நைலோன்.
ஒரு மூலை கூம்பியது, ஒரு மூலை வாய் பிளந்தது.
வேண்டுமென்று செய்யவில்லை.
கவனமாகத்தான் தைத்தேன்.

மகள் பார்த்தாள்,
அமுக்கினாள், முகத்தை ஒருதரம் அதில் புதைத்தாள்,
பிறகு சொன்னாள்:
"அப்பா, இதைக் கள்ளனும் எடுக்கமாட்டான்."

வெள்ளிக்கிழமை ஒருவர் போகிறார்.
மேடத்தின் அக்காவுக்கும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன்.
அது நானா தைத்தது.